அசையாமல் இருபத்தைந்து நிமிஷம்

அசையக் கூடாது என்று சொன்ன நிமிஷத்திலிருந்துதான் பெர்க்மான்ஸுக்கு உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. மூக்கு நுனியில் ஒன்று, காது மடலுக்குப் பின்னால் ஒன்று, நாற்பத்தொன்பது வருஷமாக இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் கிடந்த இடது சுண்டுவிரலில் ஒன்று. ஸ்கேன் எடுக்கிற பெண் வலது முட்டியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூட்டை மாட்டி, காதுக்கு மூடி போட்டு, கையில் ஒரு ரப்பர் பந்தைத் திணித்து, “ரொம்ப முடியலைன்னா மட்டும் இதை அமுக்குங்க சார். இருபத்தஞ்சு நிமிஷம். கால் இம்மி அசையக் கூடாது. அசைஞ்சா படம் கலங்கிரும், மறுபடி முதல்லருந்து எடுக்கணும்” என்றாள். “வாய் அசையலாமாம்மா?” என்று கேட்டார். “வாயும் வேண்டாம் சார்” என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள், சிரிக்கக்கூட இல்லை. பெர்க்மான்ஸ் இருபத்தைந்து நிமிஷம் வாய் மூடிக் கிடந்தார் என்று தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் போய்ச் சொன்னால் ஒருத்தர் நம்பமாட்டார். பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கிறபோதுகூடப் பக்கத்து ஆள் காதில் ஏதாவது போட்டுவைக்காவிட்டால் மனுஷருக்கு மூச்சு முட்டும். படகு எஞ்சினோடு பேசுவார், நட்டோடு பேசுவார், கழலாத நட்டைக் கெட்ட வார்த்தை சொல்லிக் கழற்றிவிட்டு அப்புறம் அதனிடமே மன்னிப்பும் கேட்பார். இப்போது பேசுவது இந்த மிஷின் மட்டும்தான். டக் டக் டக் டக். அப்புறம் நீளமாக ஒரு ங்ங்ங்ங். என்ன சத்தம் இது, ரெண்டாவது சிலிண்டர் அடிக்காத எஞ்சின் மாதிரி. இத்தனை விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள், அடி போல்ட்டை இறுக்க ஓர் ஆள் இல்லையா. ஸ்பானர் இருந்தால் அவரே இறங்கி ஒரு திருகு திருகியிருப்பார். ஸ்பானரை இந்த வாசலுக்குள் கொண்டு வந்தாலே காந்தம் பறித்துக்கொள்ளுமாம். “கண்ணுல இரும்புத் தூள் விழுந்திருக்கா சார்?” என்று அந்தப் பெண் மூன்று தடவை கேட்டாள். விழாமல் என்ன, முப்பது வருஷத் தொழில், விழுந்தது, எடுத்தாச்சு என்று சத்தியம் பண்ணியும் கேட்கவில்லை, கண்ணை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். கெட்டிக்காரிதான்.

உடம்பில் கிடந்த உலோகம் பூராவும் வெளியே போயிற்று. கல்யாண மோதிரம் சோப்பு போட்டுத்தான் கழன்றது. கழுத்துச் செயின், அதில் தொங்குகிற மாதா மெடல், பட்டைக்குள் தகடு வைத்த முட்டி பிரேஸ், எல்லாம் இப்போது செர்லின் கையில். ஒரே மகள், பதிமூன்று வயசு. விக்டோரியாவுக்கு மருந்துக்கடையில் இன்றைக்கு லீவு கிடைக்கவில்லை, “நான் போறேம்மா அப்பாகூட, எனக்குத்தான் இந்த எடமெல்லாம் அத்துப்படி” என்று பிள்ளை பெரிய மனுஷிபோலக் கிளம்பிவிட்டாள். அத்துப்படிதான், பாவி மகளுக்கு. பதினோரு வாரத்துக்கு முன்னால் இதே மிஷினுக்குள் அவள் படுத்திருந்தாள், வெளியே பெஞ்சில் இவர். அன்றைக்கு இந்த டக் டக் சுவரைத் தாண்டிக் கேட்டபோது ஒவ்வொரு டக்கும் நெஞ்சில் விழுந்தது, உள்ளே கிடப்பதே பரவாயில்லை போலிருக்கிறது. இப்போது அவள் அந்த பெஞ்சில் வலது காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போகிற வருகிறவர்களெல்லாம் தாண்டித் தாண்டிப் போவார்கள். யாராவது ஒரு புண்ணியவான் “காலைக் கொஞ்சம் மடக்கிக்கோம்மா” என்று சொல்லித் தொலைத்துவிடக் கூடாதே மாதாவே. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் போதும், முகம் வெளுத்து, உதட்டைக் கடித்து, ரெண்டு கையாலும் முட்டியைப் பொத்திக்கொள்வாள். கோகோ விளையாட்டில் போனது. வரிசையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தவளை முதுகில் தட்டி ‘கோ’ என்று கத்தியிருக்கிறார்கள், இவள் துள்ளி எழுந்து உடம்பைத் திருப்பியிருக்கிறாள், பாதம் மட்டும் மண்ணைப் பிடித்துக்கொண்டு திரும்பாமல் நின்றுவிட்டது. முட்டிச் சிரட்டை வெளிப்பக்கமாக ஓடிவிட்டது. விளையாட்டு டீச்சர் பதறிப்போய்க் காலை நீட்டினாராம், போன வேகத்தில் அதுவே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டதாம். வந்துருச்சே, அப்புறம் என்ன, என்றுதான் அன்றைக்கு பெர்க்மான்ஸ் சொன்னார். மடையன். சிரட்டை திரும்பி வந்தது, பிள்ளையின் தைரியம் வரவில்லையே.

டாக்டரம்மா நல்ல மாதிரி. கம்ப்யூட்டரில் கறுப்பும் வெள்ளையுமாக என்னத்தையோ காட்டியபோது இவர் முழித்த முழியைப் பார்த்து, மருந்துச் சீட்டைத் திருப்பிப் பேனாவால் படம் போட்டுச் சொன்னார். “சிரட்டை வெளிய ஓடிராம உள்பக்கமா ஒரு ஜவ்வு கயிறு மாதிரி இழுத்துப் பிடிச்சிருக்கு. ஒரு முனை தொடை எலும்புல, மறு முனை சிரட்டையில. சிரட்டை நழுவும்போது இந்த ஜவ்வு கிழியும். சின்னப் பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் சிரட்டை முனையிலதான் போகும், சில நேரம் ஒரு சிம்பு எலும்பையும் பிச்சுக்கிட்டு வரும். பெரியவங்களுக்கு அதிகமாத் தொடை எலும்பு முனையில கிழியும்.” பெர்க்மான்ஸ் உடனே, “படகு கட்டுற கயிறு மாதிரிதாம்மா. புதுக்கயிறு அறாது, கட்டின கொக்கியைப் பலகையோட பிடுங்கிட்டு வந்துரும். பழசுதான் வேற எடத்துல நையும்” என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, “கிட்டத்தட்ட அப்படித்தான்” என்றார். அந்தக் கிட்டத்தட்டவை ஒரு வாரம் துறைமுகம் பூராவும் சொல்லித் திரிந்தார், என் மகளுக்குப் புதுக்கயிறு, டாக்டரே சொல்லிட்டாரு என்று. இப்போது, அதேபோலச் சிரட்டை ஓடிப்போன இவர் முட்டியைத் துருவிக்கொண்டிருக்கிறது மிஷின். இவருக்கு மறு முனையில்தான் போயிருக்கும். அப்பனுக்கு அந்த முனை, மகளுக்கு இந்த முனை. ஒரு கயிறைத்தான் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துவிட்டோமோ. சே, என்ன நினைப்பு இது. ங்ங்ங்ங். பிள்ளைக்கு ஆபரேஷன் இப்போ வேண்டாம், பிரேஸ் போடுவோம், தசையைப் பலப்படுத்துவோம், இந்த வயசுப் பிள்ளைகளுக்கு மறுபடி நழுவ வாய்ப்பு அதிகம், அதனால் பயிற்சியை விட்டுவிடக் கூடாது என்றார் டாக்டரம்மா. ஆனால் மடக்கினால்தானே பயிற்சி. ஆறு வாரத்தில் பிரேஸைக் கழற்றினார்கள். அதற்கப்புறம் ஐந்து வாரமாய் நாற்பது டிகிரி, அதற்குமேல் ஒரு நூல் போகவில்லை. வருகிற இருபதாம் தேதிக்குள் தொண்ணூறு வராவிட்டால் மயக்கம் கொடுத்துத்தான் மடக்க வேண்டும், அதையும் தள்ளிப்போட்டால் கால் அப்படியே இறுகிவிடும் என்று போன தடவை டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார். இன்றைக்குப் பன்னிரண்டு. எட்டு நாள்.

மடக்கு. எத்தனை தடவை சொல்லியிருப்பார் அந்த வார்த்தையை. காலையில் பல் விளக்கும்போது, மடக்கு மக்கா. சாப்பிட உட்காரும்போது, ஏட்டி சும்மா மடக்குட்டி, ஒண்ணும் ஆவாது. கொஞ்சிச் சொல்லி, அதட்டிச் சொல்லி, செல்போன் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டி, ஒருநாள் கோபம் தலைக்கேறி, “இது கால்வலி இல்ல, நடிப்பு” என்றுகூடச் சொல்லிவிட்டார். செர்லின் அழவில்லை. “உங்க சிரட்டை ஒரு நாள் ஓடிப் பாக்கட்டும்ப்பா, அப்போ சொல்லுங்க” என்றாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். முட்டிக்குள்ள பூட்டு இல்லண்ணே, மனசுக்குள்ளதான் பூட்டு என்று பயிற்சி கொடுக்கிற தம்பி சொன்னதும் உண்மைதான், இவர் கண்ணாலேயே பார்த்தார். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்து, சீலா மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளை ஃபேனுக்குக் கீழே பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்த பெர்க்மான்ஸ் வாசல்படியில் அப்படியே நின்றுவிட்டார். ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ரெண்டு காலும் வயிற்றோடு மடங்கிக் கிடந்தன. வலது காலும்! நாற்பதாவது முப்பதாவது, நூறு டிகிரிக்கு மேல் இருக்கும், குழந்தையில் தொட்டிலில் எப்படிக் கிடந்தாளோ அப்படி. சும்மா பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே. போவாரா? “விக்டோரியா! ஏ விக்டோரியா! இங்க வந்து பாரு, பிள்ளை மடக்கிட்டா!” பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. செர்லின் முழித்தாள், தன் காலைப் பார்த்தாள், வீறிட்டுக் கத்திக்கொண்டே காலை நீட்டினாள். அன்றைக்கு மாலை பயிற்சியில் நாற்பதும் போய் முப்பதுக்கு இறங்கிவிட்டது. விக்டோரியா ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, “நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. உங்க வாயால என் பிள்ளையில்லா கெடுது” என்றாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் பதில் சொல்லாமல் சாப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

அந்தச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துதான் நேர்ச்சை நேர்ந்தார். மாதாவே, என் பிள்ளை முட்டியை மடக்க வையும், கடற்கரையில் உம் கோயில் மணல் பாதை பூராவும் நான் முட்டி போட்டு நடந்து வருகிறேன். காரியம் நடந்த பிறகுதான் எல்லோரும் நேர்ச்சையைச் செலுத்துவார்கள். பெர்க்மான்ஸுக்கு அவசரம், முதலில் செலுத்திவிட்டால் மாதாவுக்கு மறுக்க மனசு வராது என்று ஒரு கணக்கு. நாகப்பட்டினத்தில் ஒரு படகு எஞ்சின் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கூட்டாளி சகாயத்தை மட்டும் இழுத்துக்கொண்டு போனார். கையில் மெழுகுவத்தி. மணல் கொதிக்கிறது, முட்டித் தோல் உரிகிறது, ஆனால் மனசு மட்டும் தேர் ஏறினதுபோல இருக்கிறது. பாதி தூரம் வந்தாயிற்று. முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் முட்டி போட்டு வந்தவள் தடுமாறினாள். ஐயோ என்று அவள்மேல் மோதாமல் ஒதுங்க இவர் வலது காலை ஊன்றி எழுந்து பக்கவாட்டில் திரும்பினார். பாதம் மணலுக்குள் புதைந்து நின்றது. உடம்பு திரும்பிற்று, பாதம் திரும்பவில்லை. டப் என்று ஒரு சத்தம். வலிகூட அப்புறம்தான். முதலில் பார்த்தது அதைத்தான், முட்டிக்கு முன்னால் இருக்க வேண்டியது ஓரமாய்ப் போய் ஒதுங்கி நிற்பதை, முட்டி இருந்த இடம் வெறும் பள்ளமாய்க் கிடப்பதை. அது என் கால் இல்லை என்று தோன்றியது. யாரோ ஒருத்தன் காலை என் இடுப்பில் கொண்டுவந்து மாட்டிவிட்டான் என்று தோன்றியது. சகாயம் ஓடிவந்து காலை நீட்டினான், சிரட்டை வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது, அவ்வளவுதான், எல்லாம் அரை நிமிஷம். அரை நிமிஷம்தான் மாதாவே. ஆனால் அதற்கப்புறம் இந்த ஒன்பது நாளாய்க் கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை. மனசு சொல்கிறது மடக்கு என்று, தொடை கல்லாகிவிடுகிறது. கக்கூஸில் உட்கார பயம், ஆட்டோவில் ஏற பயம், தூக்கத்தில் புரண்டு படுக்க பயம். மறுபடி ஓடிவிடும், இதோ ஓடப் போகிறது, இந்த நிமிஷம். ஐம்பதைத் தொடப்போகிற கடற்கரைக்காரன் எனக்கே இப்படி என்றால் பதிமூன்று வயசுக் குருவிக்கு எப்படி இருந்திருக்கும்! அதைப் போய் நடிப்பு என்றேனே. நாக்கை அறுத்துப் போட வேண்டாமா. உள்ளே கிடந்தபடியே கண் நிறைந்து காதுப் பக்கமாய் ஓடியது, துடைக்கக் கை தூக்கக் கூடாது, அழுதால் முட்டி ஆடுமோ என்று அதையும் அடக்கிக்கொண்டார்.

டக் டக் நின்று, ஒரு அமைதி வந்து, அப்புறம் வேறு தாளத்தில் தொடங்கியது. எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? பத்தா, இருபதா? பிள்ளையிடம் படகுத் தளத்தில் எண்ணெய் வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். நிஜத்தைச் சொன்னால் என்ன ஆகும்? என்னாலதானே அப்பாவுக்கு இப்படி என்று இன்னும் சுருங்கிப் போவாள், முப்பதும் போய் இருபதாகிவிடும். சொல்லக் கூடாது. சகாயத்திடமும் சத்தியம் வாங்கியாயிற்று, ஆனால் சகாயத்தின் சத்தியம் வலைக்குள் தண்ணீர்தான். அது கிடக்கட்டும், பாதி நேர்ச்சை என்ன கணக்கில் சேரும்? பாதி தூரத்துக்குப் பாதி டிகிரி, நாற்பத்தைந்து என்று மாதா கொடுத்துவிடுவாளோ. அப்படியெல்லாம் தராசு பிடிக்கிறவள் இல்லை அவள். அவளும் ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்தவள்தானே. இல்லை, முட்டிக்காக முட்டியாலேயே நேர்ந்த இந்தக் கிறுக்கனைப் பார்த்துச் சிரித்திருப்பாள், சிரித்த சிரிப்பில்தான் மணல் ஆடியிருக்கும். மடக்கு. இனி அந்த வார்த்தையை என் வாயால் சொல்லமாட்டேன். சொல்லாமல் எப்படி எட்டு நாளில்? மயக்கம் கொடுப்பார்கள், பிள்ளையைத் தூங்க வைத்துப் படக்கென்று, ஐயோ, நினைக்கவே தொடை இறுகுகிறது, அசையாதே, அசையாதே பெர்க்மான்ஸ். அவள் தூங்கும்போது மடங்கின கால் அது. யாரும் பார்க்காதபோது, யாரும் சொல்லாதபோது, யாரும் மூச்சுவிடாதபோது மடங்கின கால். நான் வாயைப் பொத்தியிருந்தால்.

சத்தம் ஓய்ந்தது. படுக்கை நழுவி வெளியே வந்தது. “படம் தெளிவா வந்திருக்கு சார். உங்களை மாதிரி யாரும் ஆடாம இருந்ததில்ல” என்றாள் ஸ்கேன் பெண், இப்போது சிரித்துக்கொண்டு. சக்கர நாற்காலியில் ஏற்றி, வலது காலை நீட்டினபடியே தாங்கிப் பிடித்து, உடை மாற்றுகிற அறைக்குக் கொண்டுபோய் அங்கிருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். அறையா அது, அலமாரி. ஒரு நாற்காலி, ஒரு குட்டை ஸ்டூல், நாற்காலி போட்டதும் மீதி இடம் ஒரு முழம். பிரேஸைத் தூக்கிக்கொண்டு விந்தி விந்தி வந்தாள் செர்லின். ஒன்பது நாளாய் அவருக்குப் பிரேஸ் மாட்டுவது அவள்தான், தன் காலை நீட்டிக்கொண்டு இடுப்பை மட்டும் வளைத்து மாட்டுவாள். இங்கே காலை நீட்ட இடம் ஏது? கதவைச் சாத்தினால் சுவர், திரும்பினால் சுவர்.

“படகுல விழுந்தா ரெண்டு முட்டியும் எப்படிப்பா உரியும்?” என்றாள் அவள், மேல் பட்டையை இழுத்துக்கொண்டே. “அதுவும் ஒண்ணுபோல, வட்டமா.”

அவர் வாயைத் திறந்தார். ஒரு பதில் தயாராய்த்தான் இருந்தது.

“பொய் சொல்லாதீங்க. சகாயம் மாமா நேத்தே எல்லாம் சொல்லிட்டாவ.” கீழ்ப் பட்டை அவர் கெண்டைக்காலுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. அவள் கையை விட்டுத் துழாவினாள், எட்டவில்லை. “முட்டி நல்லாவணும்னு முட்டி போட்டு நடந்து முட்டியைப் போக்கிட்டு வந்த ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்ப்பா. மாதாவுக்கே சிரிப்பு வந்திருக்கும்.” சொல்லிக்கொண்டே குட்டை ஸ்டூலைக் காலால் இழுத்து, ஸ்ஸ் என்று பல்லைக் கடித்து, அதில் உட்கார்ந்தாள். பட்டையைப் பிடிக்க இன்னும் கொஞ்சம் குனிந்தாள். நீட்ட இடமில்லாத வலது கால் அவளுக்கு அடியில் மெல்ல மெல்லப் பின்னால் போயிற்று.

நாற்பது. ஐம்பது. பெர்க்மான்ஸின் கண் அதில் குத்தி நின்றது.

“உங்களுக்குப் பயமா இருக்காப்பா? எனக்குத் தெரியும். ஆட்டோவுல ஏறும்போது பாத்தேன், என்னை மாதிரியே தொடையைப் பிடிச்சுக்கிட்டீங்க.” அவள் கை மறுபடி பட்டையைத் துழாவியது. “அம்மாகிட்ட நான் சொல்லல.” பட்டை வந்தது, நழுவியது. “மணல்ல மீதி எவ்வளவு தூரம் இருக்கு? நாம ரெண்டு பேரும் சேந்தே போவோம். முட்டி போட்டு இல்ல, நடந்து. ஏம்ப்பா, எதாச்சும் பேசுங்களேன். வாய் செத்துப்போச்சா?”

எழுபது இருக்கும். இல்லை, எண்பது. பாதம் ஸ்டூலுக்கு அடியிலேயே போய்விட்டது, செருப்பு கழன்று கிடக்கிறது, பிள்ளைக்குத் தெரியவில்லை, தெரிய வேண்டாம். விக்டோரியா என்று நெஞ்சுக்குள் ஒரு கூப்பாடு எழுந்து தொண்டை வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

ஸ்கேன் பெண் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். “என்ன சார் இன்னும் சிலை மாதிரி இருக்கீங்க? அதான் முடிஞ்சிருச்சே, இனி தாராளமா அசையலாம்.”

பெர்க்மான்ஸ் அசையவில்லை. கண்ணீர் இறங்கி மூக்கு நுனியில் வந்து நின்று அரித்தது. கை ரெண்டையும் நாற்காலியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார்.